நரம்பு செல் மாதிரி: கடலோரப் பள்ளியில் ஒரு பருவப் பயன்பாட்டுக்குப் பின்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் தொடங்கும் முன், மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளிக்காக ஒரு நரம்பு செல் மாதிரியை அஞ்சலில் வரவழைத்தோம். மரப்பலகையில் பொருத்திய, ஒரு முழ நீளமுள்ள பிளாஸ்டிக் மாதிரி அது. ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

செல் உடலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதி வெட்டித் திறந்து காட்டியிருப்பதால் உட்கருவும், புரதம் உருவாகும் இடமான நிசில் துகள்களும் கடைசி வரிசைக்கும் தெரிகின்றன. செய்தியை வாங்கும் இழைகளான டெண்ட்ரைட்டுகள் கிளைத்துக் கிளைத்து மெலிவதைப் பிள்ளைகள் விரலால் தடவியே புரிந்துகொள்கிறார்கள். செய்தியைக் கொண்டுசெல்லும் நீண்ட இழையான ஆக்ஸானைச் சுற்றியுள்ள, கொழுப்பு நிறைந்த மையலின் உறையைத் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம் என்பதே இதன் பெரும் சிறப்பு. உறையின் இடைவெளிகளான ரன்வீர் கணுக்களில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் நரம்பின் மின் செய்தியான தூண்டல் கணுவுக்குக் கணு தாவுகிறது என்றும், அதனால் தடித்த உறையுள்ள இழைகளில் நொடிக்கு 100 மீட்டர் வரை விரையும் அது, உறையற்ற மெல்லிய இழைகளில் ஓரிரு மீட்டரே நகர்கிறது என்றும் துண்டுகளைக் கையில் கொடுத்தே விளக்க முடிந்தது.

உறையே இல்லாமல் வேகம் வராதா என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுடைய தாயார் மீன் கம்பெனியில் கணவாய் சுத்தம் செய்பவர். மறுநாள் அவளே ஓர் ஊசிக் கணவாயைக் கொண்டுவந்தாள். வயிற்றுப் பக்கம் கத்தரியால் நீளவாக்கில் திறந்து விரித்ததும், உட்சுவரின் இருபுறமும் நட்சத்திரம் போன்ற நரம்பு முடிச்சும் அதிலிருந்து விசிறியாகப் பிரியும் வெண்ணிழைகளும் தெரிந்தன. கணவாய்க்கு மையலின் கிடையாது. ஆக்ஸானைத் தடிக்கச் செய்து அது வேகம் பெறுகிறது. சில இனங்களில் அந்த ஆக்ஸான் 1 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். பிரிட்டிஷ் விஞ்ஞானிகளான ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அதற்குள் மின்முனையைச் செருகி அளந்தே தூண்டல் எப்படி உருவாகிறது என்பதை 1952-இல் விளக்கினார்கள். 1963-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நம் வலையில் விழும் உயிரின் உறவினம் அது என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒரு நரம்பு செல் அடுத்ததைச் சந்திக்கும் இடமான சினாப்ஸ் பகுதியில்தான் இந்த மாதிரி பெரிதும் தவறுகிறது. ஆக்ஸானின் நுனிக் குமிழை அடுத்த செல்லின் டெண்ட்ரைட்டோடு பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். உண்மையில் அங்கே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு. மின் தூண்டல் அங்கே நின்றுவிட, அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருள் குமிழிலிருந்து வெளிப்பட்டு அந்த இடைவெளியைக் கடந்து அடுத்த செல்லைத் தூண்டுகிறது. மாதிரியை நம்பிய பலர் தேர்வில் செல்கள் ஒட்டியிருப்பதாகவே எழுதினார்கள். அந்தத் தாள்களில் சிவப்பு மை போட எனக்கு மனம் வரவில்லை. இரும்பறுக்கும் பிளேடால் ஒட்டை அறுத்து, குமிழுக்குள் கேழ்வரகு மணிகளைப் பதித்து வேதிப்பொருள் பைகளாகக் காட்டிய பிறகே பாடம் சரியாக நின்றது.

உப்புக் காற்றுக்கு இரண்டு மாதத்தில் திருகாணிகள் துருவேறின, பெயர்ச்சீட்டுகள் உரிந்தன. விற்றவர்களுக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை. பித்தளைத் திருகாணிகளை நாங்களே மாற்றிக்கொண்டோம். உறைக்காகவும் செல் உடலத்துக்காகவும் இதை வாங்கலாம். வகுப்புக்கு எடுத்துச் செல்லும் முன் அந்த ஒட்டை மட்டும் அறுத்துவிடுங்கள்.