பீடோங் கடையின் 12 நிற எண்ணெய் வண்ணப் பெட்டி: கல்லுக்குச் சரி, காட்டுக்குப் போதாது

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கால புக்கிட் பத்து பஹாட் கற்கோயிலை எண்ணெய் வண்ணத்தில் வரைய, அந்தப் பக்கத்துப் பீடோங் ஊர் எழுதுபொருள் கடையில் விற்கும் இந்தப் பெட்டி போதுமா? கல்லைப் பொறுத்தவரை நிறைவாகவே போதும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் இரண்டுமே நல்ல கெட்டி. சம அளவில் கலந்தால் கறுப்பை ஒட்டிய நிறம் வரும். அதில் வெள்ளை சேர்க்கச் சேர்க்கக் கருங்கல்லின் சாம்பல் பிறக்கும். நிழல் பக்கம் நீலத்தைக் கூட்டுங்கள், வெயில் படும் முகத்தில் சியன்னாவை. கறுப்பு டியூபை மட்டும் கல்லில் தொடாதீர்கள், படம் புகை படிந்ததுபோல் செத்துவிடும்.

கோயிலின் மண்டபத்தில் கூரை இல்லை. மரத்தூண்களைத் தாங்கிய கல்பீடங்கள்தாம் மிச்சம். அவற்றின் குழிகளையும் தரையில் விழும் நிழலையும் சரியாகப் போட்டால்தான் அங்கே ஒரு காலத்தில் கூரை இருந்தது கண்ணுக்குத் தெரியும். 1960 வாக்கில் மீண்டும் அடுக்கிக் கட்டிய கோயில் இது. ஆகவே விளிம்புகளைச் சிதைந்ததாகக் காட்ட வேண்டாம். அதே பள்ளத்தாக்கின் இன்னொரு தொல்லிடமான சுங்கை பத்துவின் செங்கல் மேடுகளுக்கு மஞ்சள் ஓக்கரில் சியன்னா கலந்தாலே போதும்.

பெட்டி சறுக்குவது பச்சையில். அந்த டியூப் கோயிலை ஒட்டிய ஜெராய் மலைக்காட்டுக்கு ஒட்டவே ஒட்டாது. அல்ட்ராமரினில் ஓக்கர் கலந்து நீங்களே காட்டுப் பச்சையை உண்டாக்குங்கள். தொலைவுக்கு நீலமும் வெள்ளையும் கூடட்டும். கல்லில் படர்ந்த பாசிக்கு ஓக்கரில் ஊசிமுனை அளவு கறுப்பு. கறுப்புக்கு உண்டான ஒரே வேலை இதுதான்.

வெள்ளையும் சிக்கல்தான். 12 மில்லி டியூப், அதுவும் துத்தநாக வெள்ளை. காய்ந்தபின் இறுகி நொறுங்கும் வகை என்பதால் அடிப்பூச்சில் போட்டால் நாளாக ஆக வெடிப்பு விடும். 37 மில்லி டைட்டேனியம் வெள்ளை ஒன்றைத் தனியே வாங்குங்கள்.

அதே கடையின் 12க்கு 16 அங்குல கேன்வாஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைகள் தெரிந்தால், துணியை அடைக்கும் வெண்பூச்சான கெசோவை இரண்டு கை பூசி, நடுவில் மெல்லிய மணல்தாளால் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் துணி எண்ணெயைக் குடித்து நிறம் மங்கும், பருத்தியும் இற்றுப்போகும். முதல் பூச்சைச் சியன்னாவில் டர்பன்டைன் விட்டு நீர்க்கப் போடுங்கள். மேலே போகப் போகத்தான் ஆளிவிதை எண்ணெய் கூடலாம். முறை மாறினால் அடியில் ஈரம் இருக்க மேல்பூச்சு முந்திக் காய்ந்து பிளக்கும்.

மழைக்காலத்தில் படத்தை அலமாரியில் பூட்டாதீர்கள்: பூஞ்சை பிடிக்கும், இருட்டில் எண்ணெயும் மஞ்சளாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.