பிரிண்ட் சர்வரின் முகவரி: ஸ்டேட்டிக்கா, ரிசர்வேஷனா?

நான் பராமரிக்கும் அலுவலகத்தின் அச்சு ஏற்பாடு மிகச் சிறியது. இரண்டு யுஎஸ்பி லேசர் பிரிண்டர்கள் பொருத்திய ஒரு பழைய லினக்ஸ் கணினியில், அச்சுக் கோரிக்கைகளை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் கப்ஸ் மென்பொருள் இயங்குகிறது. 22 கணினிகள் அதன் வழியே பிரிண்ட் எடுக்கின்றன. அந்தச் சர்வருக்கு ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கையால் பதித்து வைப்பதா (ஸ்டேட்டிக்), கருவிகளுக்கு முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபியில் அதற்கென ஓர் எண்ணை ஒதுக்கி ரிசர்வேஷன் செய்வதா என்ற கேள்விக்கு முதலில் ஒரு விடையும், பிறகு அதற்கு நேரெதிரான விடையும் கண்டவன் என்பதால், இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையாளன் அல்லன்.

சர்வரின் முகவரி தன்போக்கில் மாற விடக்கூடாது என்பதில் விவாதமே இல்லை. தனிச் சர்வர் இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் விசாரித்துக் கண்டுகொள்ளும் எம்டிஎன்எஸ் முறை தரும் 'டாட் லோக்கல்' பெயர் வீட்டுக்குப் போதும். ஆனால் அந்த விசாரிப்பு ரவுட்டரைத் தாண்டிச் செல்லாது என்பதால், தளத்துக்கொரு விஎல்ஏஎன் (நெட்வொர்க்கின் தனிப் பகுதி) பிரித்த அலுவலகத்தில் அதை மட்டும் நம்ப முடியாது.

ஸ்டேட்டிக் முகவரியின் பலம், அது வேறெந்தக் கருவியையும் எதிர்பார்க்காது என்பதே. ரவுட்டர் வழங்கும் முகவரி வரம்புக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டால் மோதலும் வராது. நான் அதைக்கூடச் செய்யாமல் வரம்புக்குள்ளேயே 192.168.1.50 என்று பதித்து வைத்திருந்தேன். ஒருநாள் யாரோ ஒருவரின் கைபேசிக்கும் அதே எண் போய்ச் சேர்ந்து, பிரிண்ட் பாதியில் நின்றது. அது என் கவனக்குறைவே தவிர, முறையின் குற்றம் அன்று.

என் மனத்தை மாற்றியது ரவுட்டர் மாறிய நாள். புதிய ரவுட்டர் 192.168.1 என்ற தொடருக்குப் பதிலாக 192.168.0 என்ற தொடரில் முகவரிகளை வழங்கத் தொடங்கியதும், மற்றக் கணினிகள் அனைத்தும் தாமாகப் புதிய தொடருக்கு நகர்ந்தன. சர்வர் மட்டும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் எட்டாமல் நின்றது. நெட்வொர்க் வழியே அதற்குள் நுழைய முடியாததால், மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிச் சென்று இணைக்க வேண்டியிருந்தது. அதன்பின் 22 கணினிகளிலும் பிரிண்டர் அமைப்பைத் திறந்து எண்ணைத் திருத்தினேன். ஆக, ஒரே எண் 23 இடங்களில் எழுதப்பட்டிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆகவே பராமரிப்பு என்று வரும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: முகவரி மாறினால் எத்தனை இடங்களைத் தொட வேண்டும்?

இப்போது டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் இயங்கும் ஒரு சிறு கணினி, டிஎச்சிபி, டிஎன்எஸ் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்வது) ஆகிய இரு வேலைகளையும் பார்க்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் சர்வரின் மேக் முகவரி (அதன் நெட்வொர்க் வன்பொருளுக்கே உரிய அடையாள எண்), ஹோஸ்ட் பெயர், ஐபி ஆகிய மூன்றும் உள்ளன. அந்த வரியே ரிசர்வேஷனும் ஆகிறது, பெயர்ப் பதிவும் ஆகிறது. பயனர் கணினிகள் பெயரை மட்டுமே அறியும். தொடர் மாறினால் இந்தக் கணினியின் அமைப்பைத் திருத்தினால் போதும். சர்வரே பழுதாகி வேறொன்றை வைத்தால், அந்த வரியின் மேக் முகவரியை மாற்றினால் போதும். (முகவரி வழங்கும் இந்தக் கணினிக்கு மட்டும் ஸ்டேட்டிக் எண்தான்; வேறு வழியில்லை.) ஸ்டேட்டிக்கை வைத்துக்கொண்டே டிஎன்எஸ்ஸில் ஒரு பெயரைச் சேர்க்கலாமே என்று கேட்டால், அதுவும் பாதித் தொல்லையைத் தீர்க்கும், ஆனால் சர்வரில் ஓர் எண்ணும் டிஎன்எஸ்ஸில் ஓர் எண்ணும் தனித்தனியே இருப்பதால், இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

பெயருக்கு மாறும்போது ஒரு பொறியில் சிக்கினேன். கப்ஸ், தனக்குத் தெரியாத பெயரில் வரும் கோரிக்கையை 'பேட் ரிக்வெஸ்ட்' என்று திருப்பி அனுப்பிவிடும். அதன் அமைப்புக் கோப்பில் 'சர்வர்அலியாஸ்' என்ற வரியில் அந்தப் பெயரைச் சேர்த்த பின்பே 631ஆம் போர்ட் வழியாக அச்சு ஓடியது. பெயரைக் கருவியின் மாடலை வைத்துச் சூட்டாமல் வேலையை வைத்துச் சூட்டுங்கள். மாடல் மாறும், வேலை மாறாது. நெட்வொர்க் பிரிண்டர்களுக்கு எச்பி தானாகச் சூட்டும் பெயர், 'என்பிஐ' என்ற எழுத்துகளோடு மேக் முகவரியின் கடைசி ஆறு இலக்கங்களைச் சேர்த்தது. அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆங்கில எழுத்து, எண், நடுவே ஹைஃபன் ஆகியவை மட்டும் போதும், அண்டர்ஸ்கோர் வேண்டாம். விண்டோஸின் பழைய வழக்கத்துக்காக 15 எழுத்துகளுக்குள் முடித்துவிடுவது நல்லது.

ரிசர்வேஷனின் குறையையும் மறைக்கக் கூடாது. மின்வெட்டுக்குப் பின் முகவரி வழங்கும் கணினி எழுவதற்குள் சர்வர் எழுந்துவிட்டால், சில கருவிகள் 169.254 எனத் தொடங்கும் தற்காலிக எண்ணைத் தாமே சூட்டிக்கொள்ளும். எங்களிடம் இது இரண்டு முறை நடந்தது. சர்வரை மறுபடி இயக்கியதும் சரியானது. அதன்பின் முகவரி வழங்கும் கணினியை யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டோம். என் அனுபவம் இந்த அளவுள்ள அலுவலகத்தோடு நிற்கிறது. நூற்றுக்கணக்கான பிரிண்டர்கள் உள்ள வளாகத்துக்கு இதே கணக்குப் பொருந்தும் என்று வாதிட மாட்டேன். பிரிண்டர் ஒன்று, கணினி மூன்று என்றால் ஸ்டேட்டிக்கே போதும். நான்கு இடங்களில் திருத்துவதற்காக ஒரு டிஎன்எஸ் சர்வரை வளர்க்கத் தேவையில்லை.