பிரில்கிரீம்: தொட்டுக்கொள்ள மட்டும்

எங்கள் சித்தப்பா பிரில்கிரீம் என்ற தலைமுடிக் கிரீமை இரண்டு விரலால் வழித்தெடுப்பார், கிண்ணத்தில் கடைசிச் சட்னியை வழிப்பது மாதிரி. உள்ளங்கையில் தேய்த்து, இடப்பக்கம் வகிடு எடுத்து, நாலு இழுப்பு. சாயங்காலம் வரை ஒரு முடி எழாது. அந்த நினைப்பில் போன மாதம் ஒரு சிவப்பு டப்பா வாங்கி மூன்று வாரம் தினமும் போட்டுப் பார்த்தேன்.

திறந்ததுமே பழைய சலூன் வாசனை. மினரல் ஆயிலும் தண்ணீரும் பிரிந்துபோகாமல் தேன்மெழுகு பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான் இதன் அடிப்படை. தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய்ப் பளபளப்பு தங்கும். ஜெல் போல முடியை விறைக்க வைக்காது. கலைந்தால் சீப்பை ஓட்டினால் சரி. முள்ளு முள்ளாக நிற்க வேண்டும் என்பவர்கள் வேறு பார்க்கலாம்.

1928இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கவுண்டி கெமிக்கல்ஸ் தயாரித்தது இது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் அங்கே ஆண்கள் மக்காசர் என்ற தலை எண்ணெய் பூசிக்கொண்டு நாற்காலிகளைக் கறையாக்கினார்கள். அதைத் தடுக்க நாற்காலி முதுகில் விரித்த துணிக்கு 'ஆன்டிமக்காசர்' என்றே பெயர் வந்துவிட்டது. நம் சொகுசுப் பேருந்து சீட்டின் தலைப்பக்கத்து வெள்ளைத் துணி அதன் பேரன்தான். கதையைச் சொன்ன அன்றே என் மனைவி தலையணைமேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டுவிட்டாள்.

விற்ற சாமர்த்தியம்தான் எனக்குப் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்களைக் கொஞ்சம் கேலியாக 'பிரில்கிரீம் பையன்கள்' என்றார்கள். கேலியோ இல்லையோ, பேர் பரவியது. அப்புறம் கிரிக்கெட் வீரர் டெனிஸ் காம்ப்டன் விளம்பர முகமானார். 1947இல் ஒரே சீசனில் 3,816 ரன், 18 சதம் அடித்த மனிதர். அதற்கு முன்பே, போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்தபோது, இந்தூரின் ஹோல்கர் அணிக்காக ரஞ்சி இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 249 எடுத்தவர். பிற்பாடு கால்பந்து வீரர் டேவிட் பெக்காமைப் பிடித்தார்கள். அவர் 2000இல் தலையை ஒட்ட வழித்துக்கொண்டு வந்து நின்றார்! தலைமுடியை நம்பி விளம்பரம் எடுப்பதில் உள்ள ஆபத்து.

ஆனால் அமெரிக்காவில் ஓடிய விளம்பரப் பாட்டு உண்மையைச் சொன்னது: துளி தொட்டால் போதும் என்று. தன் சரக்கைக் குறைவாகப் பயன்படுத்தச் சொன்ன விளம்பரம்! முதல் வாரம் நான் சித்தப்பா அளவுக்கு எடுத்து, தலை வடைச்சட்டி போல ஆனது என் தப்புதான். ஈரத் தலையில் பட்டாணி அளவு பூசியபோது சுருள் முடி அடங்கியது, பளபளப்பும் அளவாக இருந்தது. வறண்ட, பரட்டை முடிக்கு வாங்கலாம். ஏற்கெனவே எண்ணெய் வழியும் தலைக்கு வேண்டாம்.

மீதி டப்பாவைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். இப்போது அவர் தலையில் பூச இடமில்லை. பழைய பழக்கத்தில் இரண்டு விரலால் வழித்து மீசையில் தடவிக்கொண்டார்.