ஜெனரேட்டரா, இன்வெர்ட்டரா?

மின்வெட்டைச் சமாளிக்க எதை வாங்குவது? மழைக்காலம் நெருங்கினால் வடசென்னையின் காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் கடை வைத்திருப்பவர்களைக் குடையும் கேள்வி இது.

வேலை: ஜெனரேட்டர் மின்சாரத்தை உண்டாக்குகிறது. எஞ்சின் சுழலச் சுழல, கம்பிச்சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறி மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த விதி. இரண்டு காந்தமுனை கொண்ட இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால்தான் நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஃப்ரீசரைப் போட்டதும் எஞ்சின் முக்கி முனகுகிறதே, ஏன்? சுருளில் கூடிய மின்னோட்டம் சுழற்சியை எதிர்த்து இழுக்கிறது.
இன்வெர்ட்டர் எதையும் உண்டாக்குவதில்லை. பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்குகிறது, அவ்வளவுதான்.

நேரம்: ஜெனரேட்டர், பெட்ரோல் இருக்கும்வரை.
இன்வெர்ட்டர், 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் 1.8 யூனிட், கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

பராமரிப்பு: ஒன்றுக்கு ஆயில், பிளக். மற்றதன் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர். உப்புக்காற்று இரண்டையும் விடாது.

ஆபத்து: ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஓட்டவே கூடாது.

மீன், ஐஸ் வியாபாரமென்றால் ஜெனரேட்டர்தான். சந்து வீட்டில் இரண்டு மின்விசிறியும் விளக்கும் ஓட இன்வெர்ட்டர் தாராளம். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப்போல் நாள்கணக்கில் மின்சாரம் போனால் அது கைவிரித்துவிடும்.