கத்தியின் கீறலைப் போக்கும் வாட்டர் பேப்பர்

கம்பி நாரால் தேய்த்தோ, சாணைச் சக்கரம் பக்கவாட்டில் உரசியோ கீறல் விழுந்த சமையலறைக் கத்தியைப் பளபளப்பாக்க, பலரும் முதலில் உலோகப் பாலிஷ் பசையைத்தான் வாங்குகிறார்கள். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை அந்தப் பசை போக்காது. அதை எடுப்பது, பெயின்ட் கடைகளில் தாள் கணக்கில் கிடைக்கும் கறுப்பு வாட்டர் பேப்பர்தான். சிலிக்கான் கார்பைடு துகள் ஒட்டிய இந்தத் தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்கலாம் என்பதால், உரசி வரும் உலோகத்தூள் துகள்களிடையே அடைத்துக்கொள்வதில்லை.

வாங்கும்போது தாளின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். துகளின் அளவைக் குறிக்கும் எண் அங்கே இருக்கும்; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். எண்ணுக்கு முன் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவுமுறை. அதில் 400 எண் தாளின் துகள் சராசரியாக 35 மைக்ரான் இருக்க, அமெரிக்க அளவுமுறையின் 400 ஏறக்குறைய 23 மைக்ரான்தான். இரண்டையும் கலந்து வாங்கினால், நைசான தாள் என்று நம்பி எடுத்ததே புதுக் கீறல் போட்டுவிடும்.

கத்தியைப் பலகையில் படுக்க வைத்து, கூர் விளிம்பை மாஸ்கிங் டேப்பால் மூடி, சோப்புத் தண்ணீரில் நனைத்த தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றி, 400-இல் தொடங்கிப் பிடியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அடுத்த 600-க்கு வரும்போது திசையை மாற்றி, முதுகிலிருந்து கூர் விளிம்பை நோக்கித் தேய்த்தால், பழைய கோடுகள் குறுக்கே தனித்துத் தெரியும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்து, அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை என்ற பிறகே 800-ஐ எடுக்கலாம். இந்தப் பொறுமைதான் முழு வேலையும்.

இந்தத் தாள்களில் எனக்குள்ள ஒரே குறை, சிறு துண்டுகளாகக் கிழித்ததும் எந்தத் துண்டு எந்த எண் என்பது தெரியாமல் போவது. ஒவ்வொரு துண்டின் பின்புறமும் பென்சிலால் எழுதிவைப்பது நல்லது.

அன்றாடம் காய் நறுக்கும் கத்தியை 1000-உடன் நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. 2000 வரை போய்ப் பசையும் தேய்த்தால் முகம் தெரியும் பளபளப்பு வரும். ஆனால் அடுத்து விழும் சிறு கோடும் அதில் பளிச்சென்று தெரியும். பசை தடவினால், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் உணவில் வைக்கக் கூடாது. டமாஸ்கஸ் வகைக் கத்திகளில் இந்தத் தாளை வைக்கவே வேண்டாம். அமிலத்தால் அரித்து வரவழைத்த அந்த அலைக்கோடுகள் தேய்ந்து மங்கிவிடும்.