திலேப்பியா மீன் பண்ணைக்கு ஒரு மைக்ரோஸ்கோப்: வாங்கலாமா?

கட்டாயம் வாங்கலாம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் அதே சாதாரண மாடல்தான். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு உள்ளதாகப் பார்த்து எடுங்கள், குளக்கரையில் கரண்ட் தேட வேண்டியதில்லை.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்ஸிஜன் குறைவு என்று சொல்லிவிடுவார்கள். செவுளில் ஒட்டுண்ணி ஏறினாலும் மீன் அப்படித்தான் செய்யும். உயிர்மீனின் செவுளில் துளி நறுக்கி சிலைடில் வைத்து, குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, கவர் சிலிப் என்ற மெல்லிய கண்ணாடியை மேலே போட்டு 100 மடங்கில் பாருங்கள். டிரைகோடினா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி என்றால் உள்ளே பல்சக்கரம் வைத்த வட்டம்போல சுழன்றுகொண்டே ஓடும். சிக்லிடோகைரஸ் என்ற புழு பின்பக்கக் கொக்கியால் செவுளைக் கவ்விக்கொண்டு நீளும், சுருங்கும். தலைப்பக்கம் கரும்புள்ளியாகக் கண்கள் தெரியும். இது முட்டையிடும் வகை. மருந்துக்குத் தப்பிய முட்டை பொரித்து மறுபடி கிளம்பும் என்பதால் சில நாள் கழித்துத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். செத்து நேரமான மீனில் பார்ப்பது வீண், பாதி கழன்று போயிருக்கும்.

குறைகளும் உண்டு. சிலைடைப் பிடிக்கும் கிளிப் தொளதொளவென்று இருக்கிறது. 400 மடங்கில் படம் மங்கல். போன் மாட்டும் பிடிப்பானைத் தனியாக வாங்க வேண்டும். மீன்வள மருத்துவருக்கு வீடியோ அனுப்ப அது இல்லாமல் முடியாது. எந்தப் புழு என்றே பார்க்காமல் கடைக்காரர் சொன்ன மருந்தைக் குளத்தில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.