"டீப் சைக்கிள்" ஸ்டிக்கரை நம்பி நடுக்கடலில் இருட்டில் கிடந்தோம்: படகுக்கு பேட்டரி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தூத்துக்குடி, தருவைக்குளம், வேம்பார் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பணம் போனது பெரிதில்லை. அப்பா, மச்சான், நான், இன்னும் இரண்டு பேர், ஐந்து பேரும் அன்றைக்குத் திரும்பி வந்ததே பெரிது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுதாக எழுதுகிறேன்.

எங்களுடையது உள் இன்ஜின் வைத்த ஃபைபர் வள்ளம். பருவலைத் தொழில். சாயங்காலம் வலையை விட்டுவிட்டு இன்ஜினை அணைத்தால் விடியற்காலை வலை இழுக்கிற வரை இன்ஜின் ஓடாது. அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் லைட், ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் பேட்டரியில்தான். காலையில் செல்ஃப் அடிக்கவும் (இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும்) அதே பேட்டரி. ஒரே பேட்டரியை இரண்டு வேலைக்கும் வைத்திருந்தது எங்கள் தவறு. அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

பழைய பேட்டரி ஓய்ந்துபோனதும் ஜனவரியில் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். மேலே எழுதியதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, ராத்திரி முழுக்க ஓடணும், காலையில செல்ஃபும் அடிக்கணும்" என்றேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றை எடுத்து வைத்தார். நங்கூரப் படம் போட்ட நீல ஸ்டிக்கர். மரைன், டீப் சைக்கிள் (தினமும் வெகுவாக இறக்கி ஏற்றினாலும் தாங்குவது), 120 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரி எவ்வளவு கரண்ட் சேர்த்து வைக்கும் என்ற அளவு) என்று எழுதியிருந்தது. "தம்பி, போட்டுக்காரங்களுக்குன்னே வந்த மாடல் இது. காலையில கரைக்கு வர்ற மூணு மணி நேரத்துல டைனமோ ஃபுல்லா ஏத்திடும்" என்றார். டெஸ்டரை இரண்டு டெர்மினலிலும் வைத்து அழுத்திக் காட்டினார். முள் பச்சையில் போய் நின்றது. 11,500 ரூபாய் கொடுத்தேன். பழைய பேட்டரியையும் எடுத்துக்கொண்டார். ஜிஎஸ்டி பில் போட்டால் விலை ஏறும் என்று சொல்லி "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் "பேட்டரி 1" என்று எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

கரையில் இறக்கும்போது அப்பா ஒன்று சொன்னார். "மக்கா, பழசை நானும் உன் மச்சானும் சேர்ந்துல்லா தூக்குனோம். இதை நீ ஒத்தையில தூக்கிட்டு வாரியே?" இப்போதெல்லாம் எடை குறைத்துத்தான் செய்கிறார்கள் என்று நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். அந்த ஒரு கேள்வியைக் காதில் வாங்கியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. ஈயத்தட்டு பேட்டரியில் எடைதான் சரக்கு. ஒரே ஏஎச் என்று சொல்லி விற்கும் இரண்டில் ஒன்று மட்டும் லேசாக இருந்தால் உள்ளே ஈயம் குறைவு என்று அர்த்தம்.

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. பிப்ரவரி கடைசியில் விடியற்காலை லைட் மங்க ஆரம்பித்தது. கிளாம்ப் லூஸாக இருக்கும் என்று சுத்தம் செய்து, வாஸ்லின் தடவி மாட்டினோம். மார்ச் கடைசியில் ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு எக்கோ சவுண்டர் அணைந்தது. அப்புறம் ஜிபிஎஸ். லைட் மங்கி மங்கிச் செத்தது. வயர்லெஸ்ஸில் கூப்பிடலாம் என்று பட்டனை அழுத்தினால் செட்டே அணைந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர் போதும், பேச ஐந்தாறு ஆம்பியர் வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். செல்ஃப் வைத்த பிறகு கை ஹேண்டிலை வீட்டிலேயே போட்டுவிட்டோம்.

வலை தண்ணீருக்குள், வள்ளம் வலையின் நுனியில் கட்டிக் கிடக்கிறது, எங்கும் இருட்டு. வ.உ.சி. துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்கள் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். இரண்டரை மணி வாக்கில் ஒரு கப்பலின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒருசேரத் தெரிந்தன. கடலில் போகிறவர்களுக்கு அது புரியும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நம் மேலேயே வருகிறது. மச்சான் ஒரு டார்ச்சையும் நான் செல்போன் லைட்டையும் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தோம். அப்பா வலைக் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பச்சை மறைந்து சிவப்பு மட்டும் தெரிந்தது. கப்பல் விலகிப் போய்விட்டது. அது எங்களைப் பார்த்துத் திரும்பியதா, அதன் பாதையே அதுதானா என்று இன்றுவரை தெரியாது. விடிந்த பிறகு பக்கத்து வள்ளத்துக்காரர்கள் தங்கள் பேட்டரியைத் தந்து இன்ஜினை எடுத்துவிட்டார்கள்.

கரைக்கு வந்ததும் எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் பேட்டரியைக் கொண்டுபோனேன். அவர் டெஸ்ட் எதுவும் செய்யவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். உள்ளே கம்பெனியின் அசல் லேபிள் இருந்தது. டீசல் வண்டியை ஸ்டார்ட் செய்யும் 80 ஏஎச் பேட்டரி. தயாரித்த மாதத்தைப் பார்த்தால் நாங்கள் வாங்குவதற்கே ஒன்றேகால் வருடம் முன்னால்.

அப்புறம் தன் பட்டறையில் அறுத்துப் போட்டிருந்த இரண்டு செத்த பேட்டரிகளைக் காட்டினார். வண்டி பேட்டரியில் மெல்லிய தட்டுகள் நிறைய. பரப்பு அதிகம் என்பதால் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். இன்ஜின் ஓடியதும் டைனமோ அதைத் திரும்ப நிரப்பிவிடும். அதைத் தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் தட்டில் இருக்கும் மருந்து (ஈயப் பசை) உதிர்ந்து அடியில் சாம்பல் சேறாகப் படியும். அந்தச் சேற்றைக் கையில் தொட்டுக் காட்டினார். டீப் சைக்கிளில் தட்டு தடிமன். டியூபுலர் என்றால் மருந்து குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் அவ்வளவு சீக்கிரம் உதிராது. மெதுவாகக் கொடுக்கும், நீண்ட நேரம் கொடுக்கும்.

கடையில் பார்த்த பச்சை முள்ளைப் பற்றியும் கேட்டேன். அந்த டெஸ்டர் சில நொடி பெரிய கரண்டை இழுத்துப் பார்க்கும், அவ்வளவுதான். செல்ஃப் அடிக்குமா என்பதற்கு அது பதில். ராத்திரி முழுக்க தாங்குமா என்பதை அது சொல்லவே சொல்லாது. வண்டி பேட்டரிதான் அந்த டெஸ்டில் ஜோராகத் தேறும். எங்களை நம்பவைத்ததே அந்த முள்தான்.

கணக்கும் போட்டுக் காட்டினார். எல்இடி லைட் மூன்றுக்கு 3 ஆம்பியர், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டருக்கு 1, வயர்லெஸ் கேட்க அரை. மொத்தம் நாலரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 54 ஏஎச். ஈயத்தட்டு பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 110 ஏஎச்சுக்குக் குறையாமல் வேண்டும். நாங்கள் 80-இல் தினமும் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சியிருக்கிறோம். மூன்று மணி நேரத்தில் டைனமோ நிரப்பிவிடும் என்றதும் பொய்தான். முக்கால் பங்குக்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் ஏறும், முழுதாக நிரம்ப எட்டு மணி நேரமாவது வேண்டும். குறையோடு கிடக்கும் பேட்டரியின் தட்டில் சல்பேட் இறுகிவிடும்.

கடைக்குப் போனால் அண்ணாச்சியின் பேச்சே மாறிவிட்டது. "நீங்க டிரெயின் பண்ணிட்டீங்க (ஒட்ட உறிஞ்சிட்டீங்க)", "படகுக்கு வாரண்டி கிடையாது". ஸ்டிக்கரைக் காட்டினால், கம்பெனியில் இருந்து அப்படித்தான் வந்தது என்றார். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றதற்கு, தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் கிடையாது என்றார். இதை நிறைய பேர் நம்பிவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிழைப்புக்காகத் தானே செய்யும் சுயதொழிலுக்கு வாங்கிய பொருளை வணிக நோக்கத்தில் வாங்கியதாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. நாமும் நுகர்வோர்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாத எனக்குக் கைகொடுத்தது, போனில் பணம் அனுப்பிய பதிவும் ஸ்டிக்கரை உரித்தபோது எடுத்த வீடியோவும்தான். மீனவர் சங்கத்தில் இருந்து இரண்டு பேர் வந்து பேசிய பிறகு 6,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி வரவில்லை.

இப்போது எங்கள் வள்ளத்தில் இரண்டு பேட்டரி. இன்ஜினுக்கு வண்டி பேட்டரி தனி, அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. லைட், வயர்லெஸ்ஸுக்கு இ-ரிக்ஷாவுக்கு வரும் 120 ஏஎச் டீப் சைக்கிள். தினமும் இறக்கி ஏற்றுவதற்கும் குலுங்குவதற்குமே செய்தது அது. வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலரும் தாங்கும்தான், ஆனால் உயரம் அதிகம், அலையில் ஆசிட் சிந்துகிறது. இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஒரு சுவிட்ச் வைத்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் சேர்க்கிறோம். கரைக்கு வந்ததும் சார்ஜரில் போட்டுவிடுகிறோம். சீல் செய்த ஏஜிஎம் (ஆசிட் கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறியிருக்கும் வகை) நல்லதுதான். ஆனால் பழைய டைனமோ வோல்ட்டைக் கட்டுப்படுத்தாமல் ஏற்றினால் அது காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. லித்தியம் லேசு, ஆயுளும் அதிகம். ஆனால் அதை டைனமோவில் நேராக மாட்டிவிடாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு திடீரென்று துண்டித்தால் டைனமோவின் டயோடு போகும்.

பேட்டரிப் பெட்டி காற்றோட்டமாக, அடித்தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வரும், உப்புத் தண்ணீர் உள்ளே போனால் விஷ வாயுவான குளோரின் வரும்.

வாங்கியதும் வீட்டிலேயே சோதித்துவிடலாம். முழுதாக ஏற்றி, 60 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டிப் பத்து மணி நேரம் எரியவிடுங்கள். அணைத்து ஒரு மணி நேரம் கழித்து வோல்ட் மீட்டரில் பாருங்கள். நல்ல 120 ஏஎச் என்றால் 12.1-க்கு மேல் காட்டும். நாங்கள் ஏமாந்து வாங்கியதை இப்படி வைத்தபோது மூன்று மணி நேரத்தில் பல்பு மங்கிவிட்டது.

அந்த நங்கூரம் போட்ட நீல ஸ்டிக்கரைத் திரேஸ்புரத்தில் இன்னும் இரண்டு வள்ளத்தில் பார்த்துவிட்டேன். உங்கள் பேட்டரியிலும் இருந்தால், இன்றைக்குக் கடலுக்குப் போகும் முன்னால் ஓரத்தை உரித்துப் பாருங்கள்.